பஸ் வந்தால்தான் மணி

அன்புள்ள கார்த்திக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று மதியம்தான் நம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டுவிட்டு, மோரை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாய். நன்றாகத்தான் இருக்கிறாய். கல்யாணமானதிலிருந்து லேசாகத் தொப்பைகூட விழுந்திருக்கிறது. துபாய் கிசைஸில் இருக்கும் நம் வீட்டிலிருந்து உன் புது ஃப்ளாட்டுக்குக் காரில் அரைமணி நேரம். அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற பிள்ளைக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று அப்பா சிரிக்கிறார். ஃபோன் செய்தால் மீட்டிங் என்கிறாய். நேரில் பேசினால் கையில் இருக்கும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டப் போவதில்லை. காலேஜ் ஸ்டாஃப் ரூமில் ஒரு பிரதி இருக்கும். சாயங்காலம் என்னிடம் படிக்கிற ஈவ்னிங் பேட்ச் கையில் ஒரு பிரதி இருக்கும். இது அம்மாவும் பிள்ளையும் மட்டும் பேசிக்கொள்கிற விஷயமாக இருந்திருந்தால் நேற்றே பேசி முடித்திருப்பேன்.

காலேஜின் ஆண்டுவிழாவுக்கு ஒரு வழவழப்பான புத்தகம் போடுகிறீர்கள். அதில் காலேஜின் வரலாறு என்று ஒரு பக்கத்தை நீயே எழுதி, ஸ்பெல்லிங் மட்டும் பார்த்துக் கொடும்மா என்று நேற்று என்னிடம் நீட்டினாய். பார்த்தேன். ஸ்பெல்லிங்கில் ஒரு குறையும் இல்லை. நகரத்தின் நடுவே நவீன வசதிகளோடு தொடங்கினோம், வளர்ந்தோம், பரந்தோம், இப்போது கண்ணாடிக் கட்டடத்துக்குப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். வில்லாவைக் காணோம். மீன்கடைக்கு மேலிருந்த மாடியைக் காணோம். ஈவ்னிங் பேட்ச் என்ற வார்த்தையே இல்லை. ஏனப்பா விட்டுவிட்டாய் என்று கேட்டேன். செப்டம்பரில் புது கேம்பஸுக்குப் போனபிறகு ஈவ்னிங் பேட்சே கிடையாது, வேண்டுமானால் அவர்கள் லீவு நாளான வெள்ளிக்கிழமை வந்து படித்துக்கொள்ளலாம் என்றாய். அவர்களுக்கு இன்னும் ஒரு டேர்ம் பாக்கி இருக்கிறதே என்றேன். அதற்கு நீ சொன்ன பதிலை நீயே மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை.

"காலேஜுன்னா ஒரு லெவல் இருக்கணும்மா. அந்த கேம்பஸுக்கு இவங்க செட் ஆக மாட்டாங்க."

அதைச் சொல்லிவிட்டுத்தான் மோர் கேட்டாய். நானும் ஊற்றினேன். அதுதான் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக இருக்கிறது.

நீ காலேஜின் அட்மின் மேனேஜர். நான் அங்கே சாயங்காலம் அக்கவுண்ட்ஸ் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். உன் கையெழுத்தில்தான் என் டைம்டேபிள் வருகிறது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, பெருமைதான். ஆனால் அந்தக் காலேஜின் வரலாற்றை உன்னைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். புத்தகத்தில் போட இடமில்லாததை இங்கே எழுதுகிறேன், படி.

முதல் கேம்பஸ் பர் துபாயில் ஒரு பழைய வில்லா. ஊரில் இருக்கிற பல்கலைக்கழகத்தின் தபால்வழிப் படிப்புக்கு இங்கே ஒரு சென்டர், அவ்வளவுதான் அப்போது காலேஜ். ஹாலில் பி.காம், பெட்ரூமில் டிப்ளமா. சமையலறை மேடைமேல் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து லேப் என்று பெயர் போட்டிருந்தார்கள். சிங்க்கை மூடிப் பலகை அடித்து அதன்மேல் பிரின்டர். யாராவது தெரியாமல் குழாயைத் திருகிவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பயமாகவே இருக்கும். சேர்மன் மாடியில் குடியிருந்தார். அவர் வீட்டுச் சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தால் டிப்ளமா வகுப்பில் பாடம் நின்றுவிடும்.

நீ எப்படி அங்கே வந்து சேர்ந்தாய் என்பது ஞாபகம் இருக்கிறதா? பிளஸ் டூ மார்க் வந்த அன்று அப்பா சோபாவில் உட்கார்ந்து உன் பாஸ்போர்ட்டின் விசாப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். மார்க்குக்காக இல்லை. உனக்குப் பதினெட்டு முடிகிறது. மகளாக இருந்தால் கல்யாணம்வரை அப்பாவின் விசாவிலேயே இருக்கலாம். மகன் என்றால் படிக்கிறான் என்று வருஷா வருஷம் ஒரு காலேஜ் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஊரில் உன் மார்க்குக்கு நல்ல இடம் எதுவும் கிடைக்கவில்லை. உன்னைத் தனியாகத் திருச்சிக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அப்போது உன்னை எந்த லெவலும் பார்க்காமல் சேர்த்துக்கொண்டது அந்த வில்லாதான். பெரிய காலேஜ் எதுவும் உன்னை ஏறெடுத்துப் பார்க்காத நேரம் அது. சமையலறை லேபில் உட்கார்ந்து படித்துத்தான் நீ எங்களோடு ஒரே வீட்டில் இருந்தாய். லெவல் என்று நேற்று நீ சொன்னபோது எனக்கு அந்தச் சிங்க்தான் ஞாபகம் வந்தது.

சாயங்கால வகுப்பு ஆரம்பித்த கதையையும் சொல்கிறேன். காலேஜ் வாட்ச்மேன் ரஹீம் பாய் பெஷாவர் பக்கத்துக்காரர். கட்டட வேலை நடக்கிற சைட்டிலிருந்து ஆட்களைச் சோனாப்பூர் தொழிலாளர் கேம்புக்கு ஏற்றிப்போகிற கம்பெனி பஸ்ஸின் டிரைவரும் அவர் ஊர்க்காரர். அந்த டிரைவர் டீ குடிக்க வில்லா வாசலில் பஸ்ஸை நிறுத்துவார். பஸ்ஸில் இருந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் போர்டைப் பார்த்து, இங்கே என்ன படிக்கலாம் பாய் என்று கேட்டிருக்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர், ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். பிளஸ் டூ முடித்தவர்கள் பலர். கம்பி கட்டவும் ஷட்டரிங் அடிக்கவும் வந்தவர்கள். ரஹீம் பாய் சேர்மனிடம் சொன்னார். சேர்மனும் அப்போது ஆள் சேர்ந்தால் போதும் என்றிருந்தார். ஏழு மணிக்கு வகுப்பு என்று போட்டோம். ஏழு மணிக்கு ஒருவரும் வரவில்லை. கான்கிரீட் போடுகிற நாளில் டூட்டி எத்தனை மணிக்கு முடியும் என்று யாருக்குத் தெரியும்? கோடையில் மதியம் வெயிலில் வேலை கூடாது என்று நிறுத்திவைப்பார்கள், அதற்குப் பதிலாகச் சாயங்காலம் இழுத்துவிடுவார்கள். ரமலானில் பஸ் சீக்கிரமே வந்து நிற்கும். இதற்கெல்லாம் டைம்டேபிள் போட முடியாது. ரஹீம் பாய்தான் ஒரு வழி செய்தார். சாரம் கட்டுகிற இரும்புக் குழாயில் ஒரு துண்டை வாசலில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். பஸ் வந்து நின்றால் அதில் ஸ்பானரால் ஓங்கி ஒரு அடி. அதுதான் மணி. வகுப்பு ஏழுக்கும் ஆரம்பிக்கும், எட்டரைக்கும் ஆரம்பிக்கும். பஸ் வந்தால்தான் மணி. அதுவரை நான் மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பர் திருத்துவேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சமோசா தின்பாய்.

அந்த வில்லா எப்படிப் போயிற்று என்று ஞாபகம் இருக்கும். வீடு என்பதால் பிள்ளைகள் எல்லோரும் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு வருவார்கள். சொல்லியும் கேட்க மாட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் முனிசிபாலிட்டி ஆள் வந்தார். குடும்பங்கள் இருக்கிற தெருவில் காலேஜ் நடத்தக் கூடாது. நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. வாசலில் மலைபோலக் கிடந்த சேஃப்டி ஷூக்களைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் எத்தனை பேர் குடும்பம் என்று சேர்மனைக் கேட்டார். கலாஸ், போதும், மாறிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாறினோம். கராமாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு மேல் மாடி. கீழே மீன் பகுதி. பேரேடு சொல்லிக்கொடுக்கும்போது வஞ்சிரம் வெட்டுகிற சத்தம் கேட்கும். கேம்புக்குத் திரும்புகிற பஸ் பாலம் ஏறுவதற்கு முன்னால் அங்கே நின்று போகும், அதனால் பேட்ச் அப்படியே வந்தது. குழாயும் வந்தது. ஆனால் அந்தக் கட்டட வாட்ச்மேன் சேஃப்டி ஷூ போட்டவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று தடுத்துவிட்டான். மேலே குடியிருக்கிற குடும்பங்கள் புகார் சொல்கிறார்களாம், சிமென்ட் உதிர்கிறதாம். பிள்ளைகள் படிக்கட்டில் ஏறினார்கள். நாள் முழுக்கக் கம்பி சுமந்துவிட்டு வந்தவர்கள். நான் லிஃப்டில்தான் போனேன். சேர்மனும் லிஃப்டில்தான் போனார். நீ என்ன செய்தாய்?

நீ லிஃப்டிலிருந்து இறங்கிவிட்டாய். உனக்குப் பத்தொன்பது வயது. இஸ்திரி போட்ட சட்டை. உன்னை யாரும் தடுக்கவில்லை. அவர்களோடு படியில் ஏறினாய். மறுநாளும் ஏறினாய். ஏன்டா என்று கேட்டதற்கு, அவங்க க்ளாஸ்மேட்ஸ்தானேம்மா என்றாய், ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. வாட்ச்மேன் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. நீயும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கேம்பஸ் இருந்தவரை நீ லிஃப்டைத் தொட்டதே இல்லை. வீட்டில் அப்பாவிடம் சொல்லிச் சொல்லி நான் பூரித்துப் போனேன். அந்தப் பிள்ளைதான் நேற்று என் மேஜையில் உட்கார்ந்து செட் ஆக மாட்டாங்க என்று சொல்கிறது. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

கராமாவில் வாடகை ஏறியதும் மூன்றாவதாக ஒரு ஸ்கூல். பகலில் அவர்களுக்கு, சாயங்காலம் நமக்கு. கே.ஜி. வகுப்பறைதான் கிடைத்தது. முழங்கால் மோவாயில் இடிக்க அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்துதான் அவர்கள் லாப நஷ்டக் கணக்குப் போட்டார்கள். சுவரெல்லாம் முயலும் யானையும். முயலுக்குக் கீழே உட்காருகிறவர்தான் அன்றைக்குப் போர்டில் கணக்குப் போட வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு சட்டம். அதற்கப்புறம்தான் காலேஜ் இப்போது இருக்கிற கிசைஸ் மாடி. நீ வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேதான். சோனாப்பூருக்குப் போகிற வழி என்பதால் அவர்களுக்கு இதைவிட நல்ல இடம் வாய்த்ததில்லை. வகுப்பு முடிந்து பேசிக்கொண்டே நடந்துகூட கேம்புக்குப் போய்விடுவார்கள். நாலு கேம்பஸையும் யோசித்துப் பார். சுவர் மாறியது, பெஞ்ச் மாறியது, போர்டில் பெயர்கூட ஒருதரம் மாறியது. மாறாதது ஒன்றுதான். எல்லாமே சைட்டுக்கும் கேம்புக்கும் நடுவில் பஸ் போகிற வழியில் இருந்தன. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் அதனால்தான் அவர்களால் படிக்க முடிந்தது.

சரி, உன் பக்கத்துக்கு வருகிறேன். நீ காரணமில்லாமல் செய்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஈவ்னிங் பேட்சின் அட்டெண்டன்ஸ் ரொம்பக் கம்மி, பாதிப் பேர் வருவதே இல்லை, சேர்மன் ரிப்போர்ட்டைக் காட்டித்தான் முடிவு செய்தார் என்றாய். அந்த ரிப்போர்ட் எங்கிருந்து வந்தது? போன வருஷம் நீ வாசலில் மாட்டினாயே, விரல் வைக்கிற மெஷின், அதிலிருந்து. அதை மாட்டிய முதல் வாரமே உன்னிடம் வந்து சொன்னேன். கார்த்தி, இந்த மெஷினுக்கு இவர்கள் விரல் தெரியவில்லை என்று. நாள் முழுக்கக் கட்டுக்கம்பி முறுக்குகிற விரல். சிமென்டில் ஊறுகிற விரல். ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. மெஷின் திரும்பத் திரும்ப ட்ரை அகெய்ன் என்கிறது. பேன்ட்டில் துடைத்து வைக்கிறார்கள், எச்சில் தொட்டு வைக்கிறார்கள், மறுபடியும் ட்ரை அகெய்ன். பின்னால் வரிசை நிற்கிறது, வகுப்பு ஆரம்பித்துவிடுகிறது, விட்டுவிட்டு உள்ளே ஓடி வருகிறார்கள். ஆள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். உன் கம்ப்யூட்டரில் ஆப்சென்ட். நீ என்ன பதில் சொன்னாய்? ஐ.டி.க்கு மெயில் போடுங்கம்மா என்றாய். போட்டேன். உனக்கும் காப்பி போட்டேன். நீ படிக்கவில்லை. அம்மா அனுப்புவதென்றால் சாப்பிட வா என்றுதான் இருக்கும் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது.

இதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் ஆதாரம் காட்டு என்று உன்னைப் பிடுங்கி எடுத்தது நான்தான். பல் தேய்த்தேன் என்றால் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்ப்பேன். அது இப்படி மெஷின் சொன்னால்தான் நம்புகிற ஆளாக உன்னை ஆக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

போகட்டும். முருகேசனை உனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதே, கிசைஸ் மாடிக்கு ஷிஃப்ட் செய்த வெள்ளிக்கிழமை உன்னோடு சேர்ந்து பீரோ தூக்கியவன். பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். கம்பி கட்டுகிறான். பேட்சிலேயே சுமாராகப் படிக்கிறவன்தான், ஐந்தொகைக் கணக்கில் ஒருபக்கத்துக்கு இன்னொரு பக்கம் எப்போதும் இடிக்கும். அவன் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். டிப்ளமா கையில் இருந்தால் விசாவில் தொழில் மாற்றித் தருகிறேன் என்று அவன் மேனேஜர் சொல்லியிருக்கிறார். அவனுக்கு முதுகு போய்விட்டது, கார்த்தி. குனிந்தால் நிமிர்வதற்குச் சுவரைப் பிடிக்கிறான். இப்போது சைட்டெல்லாம் வரிசையாக மூடுகிறார்கள், கம்பி கட்டுகிறவர்களைத்தான் முதலில் ஊருக்கு அனுப்புகிறார்கள். அவனுக்கு இந்தக் கடைசி டேர்ம் முடிந்து பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைக்குப் பெயர் அனுப்ப, பல்கலைக்கழகத்தின் சென்டரான காலேஜ் அட்டெண்டன்ஸுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து உன்னுடையது. நீ மெஷின் ரிப்போர்ட்டைப் பார்த்து அட்டெண்டன்ஸ் இல்லை என்று எழுதினால் அவனுடைய இத்தனை நாள் படிப்பும் போயிற்று. அவன் மட்டுமில்லை, மொத்தப் பேட்சும். ஆனால் எனக்குக் கண்ணுக்கு முன்னால் நிற்பது அவன்தான்.

புது கேம்பஸுக்கு என்னை நீயே கூட்டிப்போய்க் காட்டினாய். அழகாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணாடிச் சுவர், பேரீச்சை மரம், ஃபவுன்டன். சுற்றிலும் மணல். அங்கே போகிற ரோட்டில் நம் காரைத் தவிர வேறு வண்டியே இல்லை. அதை நீ அமைதியான சூழல் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறாய். அன்றைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான்தான் உன் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, அவர்களுக்கு லீவு நாள் என்பதால் சாயங்காலம் சிலர் ரிவிஷனுக்காக நடந்தே வந்திருந்தார்கள். நீ போன கையோடு நான் காலேஜுக்குப் போய் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். வேறு யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது மேல் என்று தோன்றியது. புது இடம், வெள்ளிக்கிழமை வகுப்பு, பெரிய லைப்ரரி என்று நீ சொன்னதையெல்லாம் உன் வாயாகவே சொன்னேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. யாராவது சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். முருகேசன் அந்த ரோடு எங்கே இருக்கிறது என்று கேட்டான். சொன்னேன்.

"பஸ் அந்தப் பக்கம் திரும்பாதுங்க டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னான். அதற்கப்புறம் ஐந்தொகையை எடுத்து வைத்துக்கொண்டு, இது எங்க டீச்சர் இடிக்குது என்று கேட்டான். நான் சொல்லிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய? இருக்கிற ஒரு வெள்ளிக்கிழமையில் துணி துவைத்து, சமைத்து, ஊருக்குப் பேசி, அதற்குமேல் யாரிடமாவது கெஞ்சி டாக்ஸி பிடித்துப் பாலைவனத்துக்கு வா என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே வந்து சொல்லிப் பார். அவன் முகத்தைப் பார்த்துச் சொல். ஃபோனைப் பார்த்துக்கொண்டு சொல்லாதே.

நான் உனக்குப் புத்தி சொல்லியே பழகியவள். சாப்பிடும்போது ஃபோனை வைத்துவிடு. பொண்டாட்டி சமைத்தால் நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல். மேலே இருக்கிறவர் ஒன்றைச் சொல்கிறார் என்பதற்காக அது உன் யோசனை என்று நீயே நம்பிவிடாதே. சேர்மன் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். லெவல் என்பது அவர் வாயில் வருகிற வார்த்தை. ஆனால் வாசலில் ஷூ மலைபோலக் கிடந்த வீட்டில் காலேஜ் நடத்தியவரும் அவர்தான். அவருக்கு அதை ஞாபகப்படுத்துகிற இடத்தில் காலேஜ் உன்னை உட்கார வைத்திருக்கிறது. நீ அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் மறந்ததை அழகான இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது. பெற்றவளுக்குப் பிள்ளைமேல் வரக் கூடாத கோபம்தான், ஆனால் வந்துவிட்டது.

காலேஜ் உங்களுடையது. பெஞ்ச், போர்டு, மெஷின் எல்லாம் கொண்டு போங்கள். நான் தடுக்க முடியாது. கண்ணாடிக் கட்டடத்துக்கு என்னையும் பகல் வகுப்புக்குப் போட்டிருக்கிறாய், வருகிறேன். ஆனால் இந்த ஒரு டேர்ம் பாடத்தை நான் முடித்துத்தான் தீருவேன். நேற்றே ரஹீம் பாயிடம் பேசிவிட்டேன். ஷிஃப்டிங்கில் பழைய இரும்போடு தூக்கிப் போடச் சொல்லி நீ எழுதியிருந்த அந்தக் குழாயை அவர் எடுத்து ஒரு சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அது இப்போது நம் பால்கனியில் இருக்கிறது. பஸ் டிரைவரிடமும் அவர்தான் பேசினார். செப்டம்பர் முதல் சனிக்கிழமையிலிருந்து பஸ் நம் வீட்டுக்குக் கீழே நிற்கும். அவர்களை உன் அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தப் போகிறேன். கட்டணம் கிடையாது, போர்டும் கிடையாது. வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு அம்மா கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அவ்வளவுதான். அப்பா முதலில் முணுமுணுத்தார். இப்போது டீக்குப் பெரிய பாத்திரம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் பங்குக்கு நீ செய்ய வேண்டியது ஒன்று. அவர்கள் பெயரைப் பரீட்சைக்கு அனுப்பு. மெஷின் சொல்வதை எழுதாதே. அவர்கள் வந்தார்கள். போன வருஷமும் வந்தார்கள், அதற்கு முந்தின வருஷமும் வந்தார்கள். நான் பார்த்தேன். சந்தேகமிருந்தால் ஒருநாள் சாயங்காலம் நீயே வந்து வாசலில் நின்று பார். அம்மா பார்த்தது போதாதென்றால் அதையும் எழுதித் தெரியப்படுத்து.

இன்னொன்று. இன்று காலையில் நம் பில்டிங் வாட்ச்மேன் இதைக் கேள்விப்பட்டு மேலே வந்தான். ஆட்கள் வரட்டும் மேடம், ஆனால் சேஃப்டி ஷூவோடு லிஃப்டில் ஏறக் கூடாது, மற்ற ஃப்ளாட்காரர்கள் சத்தம் போடுவார்கள் என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். நாம் இருப்பது நாலாவது மாடி. என் முழங்கால் எப்படி இருக்கிறதென்று உனக்குத் தெரியும். மணி அடித்ததும் நான் கீழே போய் அவர்களோடு படியில்தான் ஏறி வரப் போகிறேன். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீ.

உன் அறையில் உன் கட்டிலும், கிரிக்கெட் மட்டையும், இன்னும் பிரிக்காத கல்யாணப் பரிசு டப்பாக்களும் அப்படியே கிடக்கின்றன. வருகிற வெள்ளிக்கிழமை சாப்பிட வரும்போது பெரிய வண்டியாக எடுத்துக்கொண்டு வா. அறையைக் காலி செய்து கொடு. முருகேசன் உட்கார இடம் வேண்டும்.

அம்மா